சந்தனம் பூசிய ப்ளூடூத்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் சூடேறினால் சந்தனம் மணக்கும். பெட்டியின் முன்பக்கத்து ஓட்டை ஒன்றில் காய்ந்த சந்தனம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே விசிறி சுற்றச் சுற்ற அது மெல்ல வெதும்பி அறை முழுக்கக் கோயில் வாசம் பரவும். அந்த வாசம் வந்ததும் ஒரு விஜயதசமிக் காலையும் கூடவே வந்துவிடும். என் அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சத்தமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காலை.

அக்கா அரிமளத்தில் தனியாக இருக்கிறாள். அவளுடைய ஒரே மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். கப்பல் கரை தொட்டால்தான் அவனுக்கு நிதானமாகப் பேச முடியும். அடுத்த கரைக்கு மாதக்கணக்கு ஆகும். அக்காவின் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது காது மிஷின் போட்டும் பாதிதான் கேட்கிறது. போனில் மகன் பேசும்போதெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லியே காலம் தள்ளியிருக்கிறாள். அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். "நான் சொல்றது எதுவுமே ஒனக்குக் கேக்கலையா ஆத்தா?" என்று கத்தினானாம். அந்தக் கேள்வி மட்டும் எப்படியோ கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

உதடும் தெரிய வேண்டும், குரலும் காதுக்குள்ளேயே விழ வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அவளுக்குப் பேச்சு பிடிபடும். அவள் போனில் முகம் நெல்லிக்காய் அளவுதான், என்னுடையது பட்டன் போன். என் கம்ப்யூட்டர் திரையோ பெரிது. அதன் ஸ்பீக்கர் போன மழைக்காலத்து இடியில் செத்துப்போனதால், காதை முழுக்க மூடும் ப்ளூடூத் ஹெட்போன் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். ஒரு மாதம் முன்னால் அதை மாட்டிவிட்டுச் செய்தி போட்டுக் காட்டினேன். "டேய், அந்தப் புள்ள மூச்சு விடுறது கூட கேக்குதுடா!" என்றாள். ஆகவே கப்பல் கரைக்கு வரும் நாளில் நேரே இங்கிட்டு வந்துவிடுவதாக ஏற்பாடு. அந்த நாள் விஜயதசமியாக அமைந்தது. காலை பத்தரைக்கு அழைப்பேன், நாற்பது நிமிடம் கிடைக்கும் என்று அக்கா மகனான என் மருமகன் சொல்லியிருந்தான்.

பத்து மணிக்கே அக்கா வந்துவிட்டாள். குளித்து, பூ வைத்து, மகன் எடுத்துக்கொடுத்த சேலை கட்டி. கம்ப்யூட்டரின் நெற்றியில் முந்தின நாள் பூசையின் சந்தனம், குங்குமம். ஹெட்போனை ஆன் செய்தேன். திரையில் ப்ளூடூத் பொத்தானை வலப்பக்கம் தள்ளினேன். நகர்ந்தது, நீலமானது, ஒரு மூச்சு விடும் நேரம் நின்றது, திரும்பித் தன் இடத்துக்கே போனது.

மறுபடி தள்ளினேன். மறுபடி போனது. கோபித்துக்கொண்டு முகம் திருப்பும் குழந்தையைப் போல, அத்தனை மென்மையாக.

என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். பழைய பெட்டி விண்டோஸைச் சுமக்காது என்று, அதைக் கோத்துக்கொடுத்த கடைக்காரர் போட்டுவிட்டது. நான் அதில் கவிதை மாதிரி ஏதாவது தட்டுவேன், பாட்டுக் கேட்பேன், அவ்வளவுதான். நெட்டில் தேடினேன். ஒருவர் ப்ளூடூத் சேவையை நிறுத்தித் தொடங்கு என்றார், ஒருவர் தடை இருக்கிறதா பார் என்றார், இன்னொருவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வா என்றார். கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து, புரியாத மந்திரத்தை எழுத்துக்கூட்டும் ஆள் போல ஒவ்வொன்றாக அடித்தேன். சேவை ஓடிக்கொண்டிருக்கிறது என்று பச்சையில் பதில் வந்தது. எங்கே ஓடுகிறது என்று சொல்லவில்லை. தடைகளின் பட்டியலைக் கேட்டேன். ஒரு வார்த்தையும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் நின்று கண் சிமிட்டியது. தடை இல்லை என்றால் வழி இருக்க வேண்டும்தானே? வழி இருந்தால் இது ஏன் நகர மாட்டேன் என்கிறது? அணைத்துப் போட்டேன். பத்தரை ஆகிவிட்டது.

மீண்டும் உயிர்வந்த திரையில் மருமகன் முகம் தெரிந்தது. வெயிலில் கறுத்து, தாடி வைத்து. அவன் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஹெட்போனின் மைக்கும் இணையாததால் எங்கள் குரல் அவனுக்கும் போகவில்லை. அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து அவன் உதட்டையே பார்த்தாள்.

"என்னடா சொல்றான்? வெயில்ங்கிறானா, வயல்ங்கிறானா?"

"எனக்கும் தெரியலக்கா. கொஞ்சம் பொறு."

"ஒனக்கென்ன, ஒன் காது நல்லாத்தானே இருக்கு?"

இருக்கிறதுதான். இருந்து என்ன செய்ய? 'ப்ளூடூத் மக்கர் பண்ணுது, லைன்ல இரு' என்று எழுதி அனுப்பினேன். அவன் தலையாட்டி, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரமும் யாரோ திட்டும் குரலும்.

"சார், நல்ல நாளும் அதுவுமா கோயில்ல நிக்கிறேன் சார்."

"மன்னிச்சுக்கங்க. ப்ளூடூத் ஆனே ஆக மாட்டேங்குது. தடை இருக்கான்னு பார்த்தேன், ஒண்ணும் இல்ல."

"லிஸ்ட்டுல என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமே வரல. காலியா இருக்கு."

அவர் சிரித்தார். "ஆளு இருந்தா, தடை இருக்கு இல்லன்னு ஒரு வரியாச்சும் வரும் சார். ஒங்களுக்குத் தடையும் இல்ல, ஆளும் இல்ல. ப்ளூடூத்துக்குன்னு முன்னாடி நகத்தளவுக்கு ஒரு டாங்கிள் குத்திக் குடுத்தேன்ல, அது இருக்கா?"

இருந்தது. குத்தியபடியே இருந்தது. நேற்றுப் பூசைக்கு என் மனைவி கம்ப்யூட்டரைத் துடைத்தபோது, இதையும் சாமிக்கு வைக்கலாம் என்று நான்தான் பிடுங்கினேன். பேனா, நோட்டு, கத்திரிக்கோல், கடப்பாரை வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் நாள். காற்றில் பாட்டைக் கடத்தும் இந்தப் பொடியனுக்கு மட்டும் ஏன் இல்லை? பின்பக்கம் பொட்டு வைக்க இடம் போதவில்லை. ஓட்டைக்குள் போகும் தகரவாயிலேயே குழைவாக ஒரு பொட்டு வைத்தேன். ஆயுத பூசையன்று வைத்ததைத் தொடக் கூடாது என்பதால் இரவெல்லாம் தட்டில் கிடந்தது. காலையில் வேட்டி நுனியால் வெளிப்புறத்தைத் துடைத்துத் திரும்பக் குத்தினேன். இதைக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது?

சொன்னேன்.

"வாய்க்குள்ளயா சார் வச்சீங்க?"

"ஆமா."

"சாமி கும்பிடுறதுக்கும் ஒரு அளவு இருக்கு சார்! சரி, கழட்டுங்க. வெளக்கமாத்துக் குச்சியால உள்ள சொரண்டுங்க. அப்பறம் அழிரப்பரைச் சீவி உள்ள விட்டுத் தேயுங்க. ஈரம் படக் கூடாது. அந்த முன்னாடி ஓட்டையில குத்தாதீங்க, அதுலயும் சந்தனம் போயிருக்கும். பின்னாடி குத்துங்க."

மனைவி விளக்குமாற்றுக் குச்சியோடு ஓடிவந்தாள். "தொடைச்சது நானு, கெடுத்தது நீங்க. அண்ணிகிட்ட என்மேல பழியப் போட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே டார்ச் அடித்தாள். நகத்தளவு வாய்க்குள் சந்தனம் சுண்ணாம்புபோல இறுகியிருந்தது. சுரண்டச் சுரண்டத் தூளாகக் கொட்டியது. திரையில் மருமகன், ஒரு கவிஞன் டார்ச் வெளிச்சத்தில் எதையோ குடைவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா அவனைப் பார்த்துக் கையால் 'சாப்பிட்டியா' என்று கேட்டாள். அவன் வயிற்றைத் தட்டிக் காட்டினான். முப்பது நிமிடம் இப்படியே கரைந்திருந்தது.

பெட்டியின் பின்னால் தடவித் தடவிக் குத்தினேன். பொத்தானைத் தள்ளினேன். நகர்ந்தது. நீலமானது. நின்றது. இன்னும் நின்றது. ஹெட்போனின் பெயர் திரையில் எழுந்தது.

அக்கா காது மிஷினைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டேன். அவள் முகம் ஒரு கணம் யாருமில்லாத அறைபோல ஆனது; பிறகு உதடு துடித்தது.

"கேக்குதுப்பா. கேக்குது. நீ பேசு."

எல்லாச் சத்தமும் அவள் காதுக்குள் போய்விட்டதால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் உதடு அசைகிறது, எனக்கு வார்த்தை இல்லை. அக்கா மட்டும் காது மூடியவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினாள். "எப்ப கேட்ட? ... நானா? நானா சரின்னேன்? ... எட்டு மாசமாவா?" என்ன கேட்டான்? கல்யாணமா? வீட்டையா? மனைவியைப் பார்த்தேன், அவள் தோளைக் குலுக்கினாள். மகிழ்ச்சியான பேச்சு என்று நினைத்து நான் சிரித்துவைத்தேன். அக்கா திரையைப் பார்த்து, "மாட்டேன்" என்றாள். "மாட்டேம்ப்பா. முடியாது." அவன் நெற்றியைத் தேய்த்தான், பிறகு வேகவேகமாக ஏதோ சொன்னான். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். திரையில் அவன் முகம் உறைந்தது, அழைப்பு முடிந்திருந்தது.

அக்கா ஹெட்போனைக் கழற்றி, பையைத் தேடினாள். மனைவி, "அண்ணி, இலை போட்டாச்சு, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றது அவளுக்குக் கேட்கவில்லை. காது மிஷின் இன்னும் என் கையில்தான் இருந்தது. நான் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் என்ன என்ன என்று திரும்பித் திரும்பிக் கேட்டேன், காற்றில் ஒன்றும் அவளை எட்டவில்லை. என்னவோ கெட்டுவிட்டது, அதை நான்தான் சரிசெய்து கெடுத்தேன் என்று தோன்றியது. சந்தனத்தை அப்படியே விட்டிருந்தால் இருவரும் கையசைத்துச் சிரித்துவிட்டுப் போயிருப்பார்களோ?

பஸ் ஸ்டாண்டில் அரிமளம் பஸ் கிளம்பி உறுமிக்கொண்டிருந்தது. படியில் நின்று காது மிஷினை மாட்டிக்கொண்டாள்.

"என்னக்கா சொன்னான்?"

"கெணத்தடிக் கொல்லையில தைலமரம் வைக்கப் போறானாம்டா. ஆத்தா தனியாக் கெடந்து கடலை போட்டு அவதிப்பட வேணாம்னு. எட்டு மாசமா கேட்டுருக்கான், நானும் மண்டைய மண்டைய ஆட்டிருக்கேன். அவன் மேல தப்பில்ல."

அவள் ஊரைச் சுற்றித் தைலமரக் காடுதான். அதன் வேர் போன பக்கமெல்லாம் கிணறு வற்றியதைப் பார்த்தவள்.

"அதான் மாட்டேன்னுட்டியே. அப்பறம் என்ன அவசரம்? சாப்பிட்டுப் போகலாம்ல?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர, அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நல்ல நாளுன்னு இன்னைக்கே ஆள் சொல்லிவிட்டானாம்டா. ரெண்டு மணிக்குக் கன்னு ஏத்திக்கிட்டு வண்டி வருது. கொல்லையில நான் மறிச்சு நிக்கணும்ல, வாரேன்!"