அக்காவின் இடது பக்கம்

என் அக்காவின் பார்வை போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை வைத்து ஒரு கணினி விளையாட்டில் அவளை ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

இதை இன்னும் கொஞ்சம் மென்மையாகச் சொல்ல வழி உண்டா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். இல்லை.

அக்கா பெயர் வாணி. என்னைவிட நான்கு வயது மூத்தவள். துடியலூரில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் அப்பா லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புசெட்டுக்கு உதிரி பாகங்கள் கடையும் பட்டறை. அதை ஒட்டிய சின்ன அறைதான் ஆபீஸ். அங்கே எதிரெதிர் மேசைகளில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு விடுமுறை. லேத்துகள் ஓய்ந்து, இரும்புத் தூளும் ஆயிலும் கலந்த வாசனை மட்டும் மிச்சமிருக்கும் அந்த மதியங்களில் இரண்டு கம்ப்யூட்டர்களும் எங்களுடையவை!

அந்த விளையாட்டின் ஆங்கிலப் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. நாங்கள் அதைச் 'சுரங்கம்' என்றோம். வியாழன் கிரகத்தின் நிலவு ஒன்றில், பனிப்பாறைக்கு அடியில் மனிதர்கள் தோண்டிக் கைவிட்ட சுரங்கம். அதற்குள் நாம் துப்பாக்கியோடு நடக்க வேண்டும். திரையில் நம் முகம் தெரியாது. நம் கைகளும் துப்பாக்கி முனையும் மட்டுமே தெரியும். அந்த வீரனின் கண்தான் நம் கண். ஓடினால் மூச்சிரைக்கும். மூச்சிரைத்தால் ஹெல்மெட் கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்து பாதை மங்கும். நின்று மூச்சை ஆற்றினால்தான் அது மெல்ல விலகும்... அந்த நுணுக்கத்தை யோசித்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம்!

இன்றைய பிள்ளைகள் அதைப் பார்த்தால் சிரிப்பார்கள். சுவர்களின் ஓரங்கள் ரம்பப் பல் போல இருக்கும். இரண்டு குண்டுகள் சேர்ந்து வெடித்தால் படம் திணறித் திணறி நகரும். ஆனால் அந்தப் பனியின் நீலம்! அதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சுரங்கத்தின் நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட கூடம் ஒன்று உண்டு. அங்கே நின்று அண்ணாந்தால், காவியும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட வியாழன் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

அக்கா ஆட்டத்தின் நடுவிலேயே அங்கே நின்றுவிடுவாள்.

"சித்த இரு கண்ணு, சுட்டுப்போடாத. எப்படிச் சுத்துது பாரு!"

அவள் அண்ணாந்திருக்கும்போதே நான் சுட்டுவிடுவேன். அப்படியும் கடைசியில் ஜெயிப்பது அவள்தான். ஒளித்துப்பாக்கி என்று ஒன்று இருந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு ரீங்காரம் ஏறிக்கொண்டே போகும். முழுதாய் ஏறியபின் விட்டால் எதிரி ஒரே அடியில் காலி. நான் எந்தச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறேன் என்று அந்த ரீங்காரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். நான் எட்டிப் பார்ப்பதற்குள் என் திரை சிவந்துவிடும்.

விளையாட்டில் மட்டுமா? படிப்பில் அவள் முதல். என்ஜினியரிங் படித்துக்கொண்டே பட்டறை வரைபடங்களில் தப்பு கண்டுபிடிப்பாள். பட்டறை ஆட்கள் அவளைச் 'சின்ன முதலாளி' என்பார்கள். அப்பா எதைச் செய்தாலும் "அம்மணி என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் செய்வார். என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவள்மேல் எனக்குப் பாசம் இல்லையா? இருந்தது! உயிராய் இருந்தது. ஆனாலும் ஒரே ஒரு முறை அவளைத் தோற்கடித்துவிட வேண்டும் என்ற வெறியும் அதன் பக்கத்திலேயே இருந்தது.

நான் பிளஸ் ஒன் படித்த வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய இடது பக்கமாக ஓடிவந்தேன். அவள் திரும்பவில்லை. சுட்டேன். விழுந்தாள். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். அடுத்த ஆட்டத்திலும் இடதுபுறம் வந்தேன். அப்போதும் திரும்பவில்லை. ரீங்காரம் கேட்டுப் பதறிச் சுழல்கிறாள், ஆனால் இடது ஓரத்தில் நிற்கும் என்னைக் காணாமல் தேடுகிறாள்!

பிறகு ஒரு காரியம் செய்தேன். கண்ணாடிக் கூடத்தின் வெளிச்சத்தில், நீலப் பனிச்சுவருக்கு முன்னால், ஆரஞ்சு நிற உடுப்போடு, அசையாமல் நின்றேன். அவள் வந்தாள். அவள் திரையின் இடது ஓரத்தில் நான் பளிச்சென்று தெரிந்திருக்க வேண்டும். அவள் என்னைக் கடந்து போனாள்.

"எங்கடா ஒளிஞ்சிருக்கற?" என்றாள் எதிர் மேசையிலிருந்து, சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

விளையாட்டுப் புத்தி, அப்போது எனக்கு ஒன்றும் புரிந்திருக்காது என்று நீங்கள் சமாதானம் சொல்லலாம். வேண்டாம். எனக்குப் புரிந்தது. வீட்டில் அவள் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்வதை நான் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் அவள் சாப்பிடும்போது, தண்ணீர் டம்ளரை வேண்டுமென்றே இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்தேன். கை பட்டு டம்ளர் உருண்டது. தட்டெல்லாம் தண்ணீர்.

"ஏன் அம்மணி, கண்ணை எங்க வெச்சிருக்கற?" என்று அம்மா திட்டினாள்.

நான் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நிமிடம் வாயைத் திறந்திருக்கலாம். 'அம்மா, அக்காவுக்கு இந்தப் பக்கம் தெரியலீங்க' என்று ஒரு வரி... ஒரே ஒரு வரி! சொன்னால் விளையாட்டை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். அதைவிட, நான் ஜெயித்ததெல்லாம் எப்படி என்று தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

ஏனென்றால் அதற்குள் நான் ஜெயிக்கப் பழகிவிட்டேன். ஒரு ஞாயிறு அப்பா ஆபீசுக்குள் வந்து என் பின்னால் நின்று பார்த்தார். அக்கா விழுந்ததும் என் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"பரவால்லியே! அக்காளையே சாச்சுப்போட்டயே!"

அந்தத் தட்டு எனக்குப் பல மாதங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அக்காவும் கோபப்படவில்லை. "என்ற தம்பி தேறிட்டானுங்கப்பா" என்றாள். அவள் குரலில் பெருமை இருந்தது. நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு மாலை. அக்கா ஸ்கூட்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கடைவீதிக்குப் போனோம். இடதுபுறச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். வேகமாகக்கூட வரவில்லை. மில் வேலை முடிந்து, கேரியரில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு, நிதானமாக. நான் அவரைப் பார்த்தேன். அக்கா வேகத்தைக் குறைப்பாள் என்று காத்திருந்தேன். குறைக்கவில்லை. அப்போதுதான் உறைத்தது, அவளுக்கு அவர் தெரியவே மாட்டார் என்று... நான் "அக்கா!" என்று கத்தியபோது சைக்கிள் சரிந்துவிட்டது.

அவருக்கு மணிக்கட்டு உடைந்தது. அக்கா தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"சத்தியமா நான் பாக்கலீடா. எங்கிருந்து வந்தாருன்னே தெரியலடா!"

அப்பா அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்தார். திரும்பி வந்து அக்காவைக் கேட்ட கேள்வி வீட்டையே அதிர வைத்தது. அப்பா அவளிடம் குரல் உயர்த்தி நான் பார்த்தது அன்றுதான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ பின்னாலதான உக்காந்திருந்த? நீ சொல்லு. என்ன ஆச்சு?"

என் முறை. உண்மை நாக்கு நுனியில் இருந்தது.

"அவரு திடீர்னு குறுக்க வந்துட்டாருங்கப்பா" என்றேன்.

அக்கா என்னை நன்றியோடு பார்த்தாள். காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தாள்! உடைந்த கையோடு வீட்டில் கிடந்த அந்த மனிதர்மேல் பழியைப் போட்டு, என் அக்காவின் கண்களையும் அன்றே கைகழுவினேன். முதலில் மறைத்ததைச் சின்னப் பையனின் சூது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எனக்கு இன்றுவரை ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு விளையாட உட்கார்ந்தோம். நான் இடதுபுறமாகவே வந்தேன்.

அடுத்த வருடம் அவளுக்கு ஒரு பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது. சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை. அங்கேதான் பிடித்தார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரிக்கும் நோய். வலி இருக்காது. நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் படிப்பதும் எழுதுவதும் தடைப்படாது. ஓரத்திலிருந்து சத்தமில்லாமல் தின்றுகொண்டே வரும். இடது கண் பெரும்பாலும் போய்விட்டிருந்தது. வலது கண்ணும் மூக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து குறையத் தொடங்கியிருந்தது.

கண் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போயிருந்தேன். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் அம்மா மெதுவாகத்தான் பேசினார்.

"போனது திரும்பி வராதுங்க. இருக்கறத சொட்டு மருந்து போட்டுக் காப்பாத்தப் பாக்கலாம். ஒரு வருஷம் முந்தி வந்திருந்தா வலது கண்ணை முழுசாவே நிறுத்தியிருக்கலாம். யாருமே எதுவும் கவனிக்கலீங்களா?"

"இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா. அவர் குரல் உடைந்ததை அன்று முதல்முறை கேட்டேன். "எங்களுக்கு ஒண்ணும் தெரியலீங்க."

எனக்குத் தெரியும்! அந்த அறையில் நின்ற எல்லோரிலும் எனக்கு மட்டும் தெரியும்! சுவரில் மாட்டியிருந்த கண்ணின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வேலை போயிற்று. மருந்தும் அறுவை சிகிச்சையுமாக வருடங்கள் ஓடின. அக்கா சளைக்கவில்லை. கல்யாணமாகி இன்று பொள்ளாச்சியில் இருக்கிறாள். மாமாவுக்குத் தென்னந்தோப்பு. அவள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். இடது கண்ணில் ஒன்றுமில்லை. வலது கண்ணில், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு சின்ன வட்டம் மட்டும் மிச்சம். அந்த வட்டத்துக்குள் எல்லாம் தெளிவாகவே தெரியும் என்பாள். அப்பா காலமாகிவிட்டார். "புள்ளைய நான் கவனிக்காம உட்டுப்போட்டேன்" என்று கடைசிவரை புலம்பிவிட்டுத்தான் போனார். அதையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டறையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அண்மையில் 'சுரங்கம்' விளையாட்டைப் புதுக்கி மறுபடி வெளியிட்டார்கள். அக்காதான் அதைக் கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு வந்தாள். வீட்டில் மாமாவை அம்மாவோடு பேச விட்டுவிட்டு நேராக ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

சுவரெல்லாம் வழவழப்பாகிவிட்டது. பனிக்குள் விரிசல்கள் தெரிகின்றன. ஹெல்மெட்டில் படரும் பனி, இழை இழையாய்ப் பிரிந்து படர்கிறது. கண்ணாடிக் கூடத்துக்குப் போனதும் அக்கா அண்ணாந்தாள். முகத்தை இப்படியும் அப்படியும் நகர்த்தி, அந்தச் சின்ன வட்டத்தால் வியாழனைத் துண்டு துண்டாகப் பார்த்தாள். நான் சுடவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாளோ, அவ்வளவு நேரமும் காத்திருந்தேன்.

"அந்த ஒரு வருஷம் நீ என்னைப் போட்டுத் தாக்குன பாரு" என்று சிரித்தாள். "கண்ணு போனதாலதான் நான் தோத்தேன்னு உங்க மாமா சொல்றாரு. நான் ஒத்துக்கவே இல்ல. எனக்கே தெரியாதது அவனுக்கு எப்படிங்க தெரியும், அவன் நல்லாத்தான் ஆடுனான்னு சொல்லிப்போட்டேன். சரிதானே?"

என்னை நோக்கி முகத்தைத் திருப்பி, வட்டத்துக்குள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

இத்தனை வருடங்கள் நான் காத்திருந்த கதவு அதுதான். திறந்தே கிடந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

"சரி, வா. ஒரு ஆட்டம்."

ஆடினோம். அவளை இன்னொரு முறை இடப்பக்கமாகக் கொல்ல என்னால் முடியாது. திரையின் நடுவில், அவளுக்குத் தெரியும் அந்தச் சின்ன இடமாகப் பார்த்துப் பார்த்து வந்து நின்றேன். சுட்டாள். கைகொட்டிச் சிரித்தாள். மறுபடி வந்தேன். மறுபடி சுட்டாள். பழைய வாணி! இப்படியாவது ஏதோ கொஞ்சம் திருப்பிக் கொடுக்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

பிறகு அவள் சிரிப்பு நின்றது. இன்னொரு முறை சுட்டாள். சிரிக்கவில்லை. மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"ஏன்டா..." என்றாள் மெதுவாக. "எனக்கு எங்க தெரியும், எங்க தெரியாதுன்னு, உனக்கு இவ்வளவு சரியாத் தெரியுமா? அப்பவுமா...?"

திரையில் என் வீரன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

அக்கா எழுந்தாள். மேசை விளிம்பைத் தொட்டுத் தொட்டு வாசல்வரை போனாள். "மாமா காத்துட்டு இருப்பாரு. பொழுதோட பொள்ளாச்சி போய்ச் சேரோணும்" என்றாள்.

கார்வரை கூடப் போனேன். எப்போதும் கிளம்பும்போது என் தலையைத் தொட்டு, "வாரேன் கண்ணு" என்பாள். அன்று கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் எதையோ யோசித்துக்கொண்டு மறந்திருக்கலாம்... மறக்காமலும் இருந்திருக்கலாம்.

அதன்பிறகு அவள் போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.