பின் சீட்டுக்கு வைத்த சலாம்

பெரிய வண்டியை நான் பதினோரு வருஷம் ஓட்டினேன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வைத்திருந்த முதலாளியின் ஜெர்மன் கார் அது. கறுப்பு நிறம். பள்ளிகொண்டா தாண்டி ரோடு எத்தனை குண்டும் குழியுமாகக் கிடந்தாலும் பின் சீட்டில் அவர் கையிலிருக்கும் டீ தளும்பாது. அவ்வளவு சொகுசு. பெட்ரோலையும் அதே மாதிரிதான் குடித்துத் தொலைக்கும்.

சொகுசு கிடக்கட்டும், அந்த வண்டியில் முதலாளி என்னோடு பேசுவார். மெட்ராஸ் போய்த் திரும்பும்வரை என் தலைக்கு மேலே பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி பேசிக்கொண்டே வருவார். பிள்ளை குட்டி இல்லாதவன் நான். மனைவியும் போன பிறகு என்னோடு நாலு வார்த்தை பேசிய மனுஷர் அவர் ஒருவர்தான்.

எண்பதுகளின் நடுவில் சின்ன வண்டி வந்தது. சிவப்பு. முதலாளியின் மகன் வாங்கியது. "இன்னாங்க இது, சோப்பு டப்பா மாதிரி இருக்குது?" என்று வாயை விட்டேன். "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே" என்று சாவியைக் கையில் திணித்தார்.

மாதனூர் வரை போனேன். அடேயப்பா! காலை வைத்ததும் பறக்கிறது. பெரிய வண்டியை வளைவில் திருப்ப நான் தோளைக் கொடுக்க வேண்டும்; இதற்கு இரண்டு விரல் போதும். லாரிகளைச் சட்டுசட்டென்று ஒதுக்கிக்கொண்டு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தனியாகச் சிரித்துக்கொண்டே திரும்பினேன். வண்டியை நிறுத்திய பிறகுதான் உறைத்தது. இவ்வளவு சுலபமான வண்டிக்கு டிரைவர் எதற்கு?

பயந்தபடியேதான் ஆயிற்று. பெரிய வண்டிக்குப் படுதா போட்டு ஷெட்டில் விட்டார்கள். சின்ன வண்டியை மகனே ஓட்டினார். முதலாளி பக்கத்தில் உட்கார்ந்தார். "நீயும் வாப்பா" என்று என்னையும் கூப்பிட்டார். மிச்சமிருந்தது பின் சீட்டுதான். அப்பாவும் மகனும் உருதுவில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் மகனின் கண்கள் இருந்தன.

டேனரி வாட்ச்மேனுக்கு ஒரு வழக்கம். கார் உள்ளே வந்தால் ஆள் யாரென்று பார்க்க மாட்டார்; பின் சீட்டுப் பக்கம் குனிந்து சலாம் வைப்பார். அன்றைக்கும் வைத்தார். எனக்கு! நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் பாவம், அவர் முகம் சுண்டிப்போனது. மகன் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"வாங்கிக்கப்பா, இன்னிக்கு நீதான் முதலாளி" என்றார் முதலாளி. கிண்டல்தான், குத்தல் இல்லை. இருந்தாலும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மத்தியானம் அவரே என்னைக் கூப்பிட்டார். "இனிமே நீ வீட்ல இருப்பா. சம்பளம் மாசாமாசம் வந்துரும்."

"சம்பளம் வேணாம் முதலாளி. மெட்ராஸ் போறப்ப மட்டும் என்னையும் கூட்டிக்குனு போங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவ்ளோ தூரம் அந்தச் சின்ன வண்டியில பின்னாடி மடங்கி உக்காந்து வந்தா முட்டி இன்னாத்துக்கு ஆவும்? வேணாம்பா."

நல்ல மனுஷர். என் முட்டிக்காக மெய்யாகவே கவலைப்பட்டார்.