மகளோடு தூண்டில் போட்ட மாதங்கள்

என் மகள் அவள் அம்மாவிடம் பேசும்போது ‘வா, போ’ என்பாள். என்னிடம் ‘வாங்க, போங்க’. மரியாதைதான், எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிற பழக்கம்தான். ரியாத்திலிருந்து லீவில் வந்துபோன காலத்தில் அந்த வித்தியாசம் என் காதில் பட்டதே இல்லை. வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகு தினமும் பட்டது. “சாப்பிடுறீங்களா? ஃபேன் போடவா? டிவி பாக்குறீங்களா?” என்று, வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனிதரைக் கவனிப்பதுபோல் என்னைக் கவனித்தாள்.

நான் ஏ.சி. மெக்கானிக். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தேன். அவள் பிறந்தபோது நான் ஊரில் இல்லை. முதன்முதலில் பார்த்தபோது நடக்க ஆரம்பித்திருந்தாள். தூக்கப் போனேன், பயந்து அழுது அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவேன். ஒவ்வொரு தடவையும் வேறொரு பெண் எதிரே நின்றாள்.

நான் ஒரேயடியாக வந்தது ஒரு தை மாதம். சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுவடை மெஷினுக்குச் சொல்வது, கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் காத்துக் கிடப்பது, வைக்கோலைக் கட்டுவது எல்லாம் என் மனைவி பழகிவிட்ட வேலைகள். நான் போய் நின்றால் டிரைவர் என்னைத் தாண்டி அவளைத்தான் பார்ப்பார். மகள் நர்சிங் முடித்து, தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு ஜெர்மன் படித்துப் பரீட்சையும் தேறியிருந்தாள். ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை உறுதியாகிவிட்டது. விசாவுக்குக் காத்திருந்தாள். ஆக, அந்த வீட்டில் சும்மா இருந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்குத் தெற்கே. கல்லணைக் கால்வாயான புதாற்றுத் தண்ணீர் வந்து நிரம்புகிற ஏரி ஒன்று ஊரை ஒட்டி இருக்கிறது. ஒரு நாள் ஏதோ சர்டிஃபிகேட் வேலையாக அவளைத் தஞ்சாவூருக்கு பைக்கில் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் ஒருவர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் கடக்கிற நேரத்தில் அவர் கம்பைத் தூக்க, உள்ளங்கை அகல மீன் ஒன்று வெயிலில் துள்ளியது.

“நிறுத்துங்கப்பா,” என்றாள்.

நிறுத்தினேன். அவர் மீனைக் கழற்றி வாளியில் போடுகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீங்க தூண்டில் போட்டிருக்கீங்களா?”

“இல்லம்மா.”

“ஏரிக்குப் பக்கத்துலயே பிறந்து வளந்துட்டு?”

“எங்கப்பா அடிப்பாரு. நீ?”

“நானும் இல்ல. அம்மா அடிக்கும்.”

அவள் என்னோடு சேர்ந்து சிரித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. மறுநாளே திரும்பவும் தஞ்சாவூருக்குப் போய், கீழவாசல் பக்கம் வலை, கயிறு விற்கிற கடையில் நின்றோம்.

“தூண்டில் வேணும்,” என்றேன்.

“என்ன மீனுக்கு?” என்றார் கடைக்காரர்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். “ஏரி மீனுக்கு,” என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. கையில் கிடைத்த முள்ளையும், ஒரு சுருள் நைலான் தங்கூசி நரம்பையும், ஈயக் குண்டுகளையும், மிதப்பதற்குத் தக்கையையும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். கம்புக்கு எங்கள் கொல்லை மூங்கிலே போதும் என்று விட்டுவிட்டோம். அது தவறு. பச்சை மூங்கில் கனத்தது, கை ஒரு மணி நேரத்தில் மரத்துப்போனது.

முள்ளும் பெரிது. பம்புசெட் வாய்க்கால் ஓரம் தோண்டியெடுத்த மண்புழுவைக் கோத்துப் போடுவோம், தக்கை ஆடும், தூக்கினால் வெறும் முள் வரும். சின்ன மீன்கள் ஓரத்திலிருந்தே புழுவைக் கடித்துத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. நான் வீசியபோது முள் பின்னால் போய் என் கைலியில் மாட்டியது. அவள் வீசியது, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தில் மாட்டி நரம்போடு அறுந்தது. யூடியூபில் பார்த்துவிட்டு, “அடிமட்டத்துல ஈயம் தரை தட்டணும், தக்கை நேரா நிக்கணும், நாம ரொம்ப மேலயே போடுறோம்பா,” என்றாள். ஆழத்தை மாற்றினோம். முள்ளைச் சிறிதாக்கினோம். காய்ந்த கம்பு வாங்கினோம். கோதுமை மாவைப் பிசைந்து உருண்டையாக்கி, மண்புழுவோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

இதற்கு நடுவில், ஏரியில் மீன் குத்தகை எடுத்தவரின் ஆள் ஒருவர் மொபெட்டில் வந்து பக்கத்தில் நின்றார். எங்களை விரட்டப் போகிறார் என்று நினைத்தேன். யார் வீடு என்று விசாரித்துவிட்டு, “ஜிலேபி, கெளுத்தி எது வேணும்னாலும் பிடிச்சுக்குங்க. ரோகு, கட்லா மாட்டுனா மட்டும் தண்ணியில விட்டுடுங்க, அது நாங்க விட்ட குஞ்சு,” என்றார்.

“இதுவரைக்கும் ஒண்ணுமே மாட்டல அண்ணே,” என்றாள் மகள்.

“அப்ப பிரச்சினையே இல்ல,” என்று போய்விட்டார்.

முதல் மீன் அவளுக்குத்தான் கிடைத்தது. ஒரு ஜிலேபி. தக்கை ஆடாமல் மெதுவாகச் சாய்ந்து, நழுவி, தண்ணீருக்குள் போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினாள். கரையில் விழுந்து துள்ளிய மீனைப் பிடிக்க இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து தலை மோதிக்கொண்டோம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தபோது, “இந்த ஒண்ண வச்சு யாருக்குக் கொழம்பு வைக்கிறது?” என்றாள். ஆனால் வறுத்து மூன்றாகப் பிய்த்துத் தட்டில் வைத்தாள்.

மாசி பிறந்தபோது எங்களுக்குக் கொஞ்சம் கை வந்திருந்தது. ஒரு நாள் சாயங்காலம் எனக்குக் கெளுத்தி மாட்டியது. அதற்குச் செவுளின் இரண்டு பக்கமும் முதுகிலும் முள் இருக்கும். அதைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, எப்படிப் பிடிப்பது என்று தெரியாது. சாதாரண மீனைப் பிடிப்பதுபோல் பிடித்தேன். அது உடம்பை ஒரு முறுக்கு முறுக்கியது, கட்டைவிரல் அடியில் முள் ஆழமாக இறங்கிவிட்டது. தேள் கொட்டியதுபோல் கடுப்பு தோள்வரை ஏறியது. கையை உதறிக்கொண்டு எழுந்து நின்றேன்.

அவள் கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கைய ஆட்டாத. சும்மா இரு. உக்காரு மொதல்ல.”

உட்கார்ந்தேன். அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரால் கழுவினாள். பிறகு என்னை ரோட்டோரத்து டீக்கடைக்கு நடத்திக்கொண்டு போய், கடைக்காரரிடம் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வாங்கி, தன் விரலை முதலில் விட்டுச் சூடு பார்த்துவிட்டு என் கையை அதில் வைத்தாள்.

“தாங்குதா? எடுக்காத, கொஞ்ச நேரம் அப்படியே வையி. வலி இறங்கிடும்.”

என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலி உண்மையிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவாள். அவள் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் இப்படித்தான் பேசியிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு நிறைந்து போயிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “வீட்டுக்குப் போலாமாப்பா, வண்டிய நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காருங்க,” என்றாள். பழைய மரியாதை திரும்பி வந்துவிட்டது.

அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து பூத்துக் காய்த்தது. பங்குனியில் தண்ணீர் கரையை விட்டு நெடுந்தூரம் உள்வாங்கியது. நாங்கள் காய்ந்து வெடித்த சேற்றில் நடந்து போய், சாக்கை விரித்து உட்காருவோம். அவள் ஒரு கையில் கம்பும் மறு கையில் போனுமாக ஜெர்மன் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். வலிக்கு ஒரு வார்த்தை, காய்ச்சலுக்கு ஒரு வார்த்தை, கட்டிலுக்கு ஒன்று. என்னையும் திருப்பிச் சொல்லச் சொல்வாள். எனக்கு ஒன்றும் நாக்கில் நிற்கவில்லை.

அப்படி ஒரு நாள் படிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“மொத தடவ போனப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சுப்பா?”

“கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்பறம் பழகிடுச்சு.”

“எவ்ளோ நாள்ல?”

“அது ஆச்சு ஒண்ணு ரெண்டு வருஷம்.”

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரியின் நடுத்திட்டில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன.

“நான் போகலன்னா என்ன சொல்லுவீங்க?”

சரியாக அந்த நேரத்தில் என் தக்கை அசைந்தது. நான் அதைப் பார்த்தேன். தக்கையைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். “ஆரம்பத்துல எல்லாருக்கும் இப்படித்தான் தோணும்மா. போனா பழகிடும்.”

சொல்லிவிட்டுக் கம்பைத் தூக்கினேன். புழு போயிருந்தது. அவள் புழு டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

ரியாத்தில் முதல் ராத்திரி, எட்டுப் பேர் படுத்திருந்த அறையில் மூச்சு முட்டி, பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே கேட்கக் கூடாதே என்று. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் போகாமல் இருந்திருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. மனசில் இருந்ததை அவளும் சொல்லியிருப்பாள், அவ்வளவுதான்.

சித்திரையில், நாங்கள் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே விசா வந்தது. அதன்பிறகு ஏரிக்குப் போக நேரமே இல்லை. பெட்டி வாங்குவது, குளிருக்குத் துணி வாங்குவது, குடவாசலில் என் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது. திருச்சி விமான நிலையத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தக் கண்ணாடியை நான் எத்தனையோ தடவை உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன். வெளியே நின்று பார்ப்பது அதுதான் முதல் தடவை. உள்ளே போகிறவனுக்குச் செய்ய வேலை இருக்கிறது, கவுண்ட்டர், பாஸ்போர்ட், வரிசை என்று. வெளியே நிற்பவருக்கு ஒன்றும் இல்லை. என் மனைவி பழக்கப்பட்டவள்போல் ஒரு தூணோரமாகப் போய் நின்றுகொண்டாள். அங்கே நின்றால்தான் கடைசிவரை தெரியும் என்றாள்.

வைகாசியில் குத்தகைக்காரர்கள் வலை இழுத்து ஏரியைக் காலி செய்தார்கள். கரையில் மீன் குவிந்து கிடந்தது. மொபெட்டில் வரும் அந்த ஆள் என்னை அடையாளம் கண்டு, “எங்கங்க பாப்பா?” என்றார். வெளிநாடு போய்விட்டாள் என்றேன். நல்லது என்று சொல்லி ஒரு விராலைத் தூக்கிக் கொடுத்தார். அதை மனைவி குழம்பு வைத்தாள். நாங்கள் இருவரும் சாப்பிட்டு மீதி இருந்தது.

‘நான் போகலன்னா என்ன சொல்லுவீங்க’ என்று மகள் ஏரியில் கேட்டதை அன்றைக்குத்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் குழம்புச் சட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்.

“என்கிட்ட அவ கேக்கவே இல்ல. ஏன் தெரியுமா?”

“ஏன்?”

“கேட்டா, போகாதன்னு நான் உடனே சொல்லிடுவேன்னு அவளுக்குத் தெரியும். வெளிநாட்டுல வாழ்ந்து பாத்தவரு என்ன சொல்றாருன்னுதான் உங்ககிட்ட கேட்டிருக்கா.”

குரலில் கோபமில்லை. பிறகு தட்டுகளைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் வந்தபோது, மனைவி வயலுக்குப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். சாப்பாடு, குளிர், வேலை எல்லாவற்றையும் விசாரித்த பிறகு, “உனக்கு அங்க பிடிக்கலன்னா வந்துடும்மா. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்,” என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். “இல்லப்பா, இப்ப பழகிடுச்சு,” என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

மேட்டூர் அணை திறந்து, புதாற்றில் தண்ணீர் வந்து, ஏரி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. நான் இப்போதும் போகிறேன். ஜிலேபிக்கு எந்தத் தூண்டில் முள், கெண்டைக்கு எது என்று தெரிகிறது. கெளுத்தியை முள்ளுக்குப் பின்னால் விரலை வளைத்துப் பிடிக்கத் தெரிகிறது. பக்கத்தில் யாராவது புதிதாக வந்து உட்கார்ந்தால் பேச்சுக் கொடுப்பேன். பெரும்பாலும் யாரும் வருவதில்லை.

வருகிற வருஷம் ஒரு மாதம் லீவு கிடைக்கும் என்கிறாள். ஒரு மாத லீவு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். முதல் வாரம் பார்க்க வருகிற சொந்தக்காரர்களோடு போய்விடும். அப்புறம் குலதெய்வம் கோயில், ஒரு கல்யாணம், ஒரு துக்க விசாரிப்பு, பல் டாக்டர். கடைசி வாரம் பெட்டி கட்டுவது. நடுவில் இரண்டு மூன்று சாயங்காலங்கள் மிஞ்சும். அதில் ஒன்றை எனக்குக் கொடு என்று இப்போதே கேட்டுவைக்கலாமா, அல்லது வந்தபிறகு அவளாகவே சொல்கிறாளா என்று பார்க்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.