றீற்றாவின் திங்கட்கிழமை மூச்சு

மட்டக்களப்பு நகரில் ஒரு நெஞ்சுநோய்ச் சிகிச்சை நிலையத்தில், நுரையீரல் அளக்கும் கருவியைப் பதினாறு ஆண்டுகளாகப் பார்த்துவருபவர் றீற்றா. இதற்கென்று எங்கும் படித்ததில்லை. கருவியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துப் படித்துத் தேறியவர்.

தினமும் காலையில் மூன்று லீற்றர் காற்றைத் தள்ளும் பெரிய சிறிஞ்சைக் கருவியில் பொருத்தித் தள்ள வேண்டும். கருவி மூன்று காட்டினால் சரி. றீற்றாவுக்கு அது போதாது. திங்கட்கிழமைகளில் தானும் மூன்று தரம் ஊதி, வரும் அளவைக் கொப்பியில் எழுதிவைப்பார்.

ஒரு வார லீவு முடிந்து வந்த திங்களன்று சிறிஞ்சுக்குக் கருவி மூன்றே காட்டியது. றீற்றா ஊதினார். ஆண்டுக்கணக்காக இரண்டு தசம் ஒன்பதில் நின்ற அளவு மூன்றைத் தாண்டியது.

“லீவில நல்ல காத்து வாங்கியிருக்கீங்க போல, அக்கா,” என்றான் அவருக்குப் பதிலாக வேலை பார்த்த சதீசன்.

“நாப்பத்தெட்டு வயசில நெஞ்சு வளராது தம்பி. சிறிஞ்சு விழுந்ததா?”

“போன செவ்வாய் உருண்டு விழுந்திட்டு. தண்டில இருக்கிற வளையம் கழண்டிச்சு, இறுக்கினன். அதுக்கு மறுகா மெசின் குறைச்சுக் காட்டிச்சு. மூண்டுக்குத் திருத்தி விட்டன்.”

றீற்றா உருக்கு அடிமட்டத்தால் தண்டு போய்வரும் தூரத்தை அளந்தார். முப்பது சென்ரிமீற்றரில் பதினைந்து மில்லிமீற்றர் குறைவு. தண்டை நிறுத்தும் வளையம் இடம் மாறி இறுகியிருந்தது. குறைந்த காற்றை மூன்று என்று கருவிக்குப் பழக்கியதால், ஒரு வாரமாக எல்லோருடைய மூச்சையும் அது கூட்டிக் காட்டியிருந்தது.

அந்த வாரம் ஊதிய பதினான்கு பேரில் ஒருவர் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அரிசி ஆலைத் தொழிலாளி வினாயகமூர்த்தி. உமித் தூசியிலிருந்து வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி டொக்டரிடம் கடிதம் கேட்டிருந்தார். போன வருட அளவேதான் என்று டொக்டர் மறுத்து அனுப்பிவிட்டார்.

“ஆருக்கும் தெரியாதே, அக்கா. இனிச் சரியா அளந்தாப் போதாதா?”

“மூச்சு முட்டுறது அந்த மனிசனுக்குத் தெரியும்தானே.”

வளையத்தைப் பழைய இடத்தில் பூட்டினார். சிறிஞ்சின் வாயை உள்ளங்கையால் அடைத்துத் தள்ளினார்; காற்று கசியவில்லை. கருவியைத் திருத்தி மறுபடி ஊதினார். இரண்டு தசம் ஒன்பது. டொக்டரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, பதினான்கு பேருக்கும் தானே போன் எடுத்து, மறுபடி ஊத வரச் சொன்னார்.

வினாயகமூர்த்தி புதன்கிழமை வந்தார். “மெசினுக்கும் நோய் வருத்தம் வருமா மிஸ்?”

“மெசினில பிழையில்ல. பிழை எங்கட, அண்ணன். நல்லா இழுத்து ஊதுங்க.”

மூன்று தரமும் போன வருடத்தைவிட நூற்றைம்பது மில்லிலீற்றர் குறைவாகவே வந்தது. றீற்றா தாளை எடுத்துக்கொண்டு அவரோடு டொக்டரின் அறைக்குப் போனார். கடிதம் எழுதி முடியும்வரை அங்கேயே நின்றார்.