உள்ளங்கையில் பழுப்பு ரத்தம்

லெபர்மராய்க்குப் படிப்பு கிடையாது. ஆனால் மாடு மேய்த்துப் பிழைக்கும் எங்கள் சம்புரு நாட்டில் அவன் அளவுக்கு ரத்தம் பார்த்த ஆளும் கிடையாது. பால் வற்றும் மாதங்களில் மாட்டு ரத்தத்தை எடுத்து, இருக்கிற பாலில் கலந்து குடிப்போம். அதை எடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். கழுத்தில் வாரைக் கட்டி, நரம்பு புடைத்ததும் குட்டை அம்பால் ஒரே அடி. குடுவை நிறைந்ததும் காயத்தில் சாணியை அப்பிவிடுவான். மாடு பாட்டுக்கு மேயப் போய்விடும். குடுவையை நீட்டுமுன் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி வெயிலில் பார்ப்பான்.

"என்னடா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குற?" என்பேன்.

"உனக்கென்ன தெரியும், கோட்டு டாக்டரு!"

ஒரே சடங்கில் இளவட்டமானவர்கள் நாங்கள். எங்களுக்குள் மரியாதையெல்லாம் கிடையாது.

நான் டாக்டரும் இல்லை. ஆறு மாசம் பயிற்சி எடுத்து, ஒரு பச்சைக் கோட்டும் மோட்டார் சைக்கிளும் வாங்கிய கால்நடைப் பணியாளன். ஹீமோகுளோபின் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு. ரத்தத்தில் இருக்கிற அந்தச் சிவப்புச் சரக்கு நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும், சதையில் கொண்டுபோய் இறக்கும். நம்ம கழுதை கிணற்றடியில் தண்ணீர் ஏற்றி வீட்டில் இறக்குகிற மாதிரி. சதை அதிகம் உழைத்தால் அதிகம் இறக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன புண்ணியம்?

மழை பொய்த்த அந்த வருஷம், மலையடிவாரத்து விவசாயி ஒருவர் முழங்கால் உயரத்தில் கருகிப்போன தன் மக்காச்சோளத்தை மாட்டுக்கு விட்டுவிட்டார். நமெலோக் என்னிடம் வந்து கேட்டாள். புருஷன் இல்லாதவள். மூன்று பிள்ளைகள், பதினோரு மாடுகள், வேறு நாதி இல்லை.

"அங்க மேய விடலாமாண்ணே?"

"சும்மா கிடைக்கிறத விடுவியா? ஓட்டிட்டுப் போ" என்றேன். சொன்ன வாய் இந்த வாய்தான்.

மதியத்துக்குள் ஆள் ஓடி வந்தது. லெபர்மராயையும் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தேன். இரண்டு மாடுகள் செத்துக் கிடந்தன. மற்றவை வாயைப் பிளந்து மூச்சு வாங்கித் தள்ளாடின. நமெலோக்கின் கொழுந்தன் லெசோரி குச்சியை ஓங்கிக்கொண்டு கத்தினான்.

"சாபம் பிடிச்ச காடு இது! ஆத்தத் தாண்டி ஓட்டுங்க!"

கெட்ட இடத்தில் மாடு விழுந்தால் மிச்சத்தை விரட்டிக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் வழக்கம். நானும் சேர்ந்து கத்தினேன். "தட்டையில விஷம்! ஓட்டு, ஓட்டு!" நூறு அடி போகவில்லை, மூன்றாவது மாடு விழுந்தது.

லெபர்மராய் ஒரு மாட்டின் காதை அம்பு முனையால் லேசாகக் கீறி, வழிந்ததை உள்ளங்கையில் பிடித்தான். பிறகு தன் கட்டைவிரலைக் கீறிப் பக்கத்திலேயே ஒரு சொட்டு விட்டான். அவனுடையது சிவப்பு. மாட்டினுடையது, ஐயோ, காப்பித்தூளைக் கரைத்த மாதிரி பழுப்பு.

"ரத்தம் இருக்கு, மூச்சு இல்லடா அதுல. நடந்தா ஒடம்பு மூச்சு கேக்கும். எங்கேருந்து குடுக்கும்? ஓட்டி ஓட்டித்தான் கொல்றீங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாடிய பயிரில் சேர்ந்த நைட்ரேட் உப்பு ரத்தத்து இரும்பைத் துருவாக்கிவிடும். துருவானது ஆக்சிஜனை ஏற்றாது. மிச்சமிருக்கிற நல்லதும் ஏற்றியதைச் சுலபமாக இறக்காது. பரீட்சையில் நானே எழுதிய பதில் அது.

லெபர்மராய் மாடுகளுக்கு முன்னால் பாதையில் குறுக்கே படுத்துவிட்டான்.

"செத்தா நீ குடுப்பியா?" என்று லெசோரி எகிறினான்.

"செத்தா என்னையும் இங்கயே கழுகுக்குப் போடு. இப்ப குச்சியக் கீழ போடுடா."

எல்லோரும் நமெலோக்கைப் பார்த்தோம். அவள் கொழுந்தன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். "யாரும் என் மாட்டத் தொடக் கூடாது" என்றாள்.

அன்று பூராவும் யாரும் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு மாட்டின் வாயருகிலும் தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தோம். சாயங்காலம் இன்னொன்று மண்டியிட்டது, எழவில்லை. நமெலோக் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. விடியும்போது ஏழு மாடுகள் நின்றுகொண்டிருந்தன. லெபர்மராய் மறுபடி ஒரு காதைக் கீறினான். சிவப்பு. நான் சொல்லியனுப்பிய மருந்து மரலால் டவுனிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆயிற்று.

அறிக்கைத் தாளில், 'காரணத்தைக் கண்டறிந்தவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயரை எழுதினேன். பாராட்டுப் பத்திரம்கூட வந்தது. என் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது. ஒன்பது வருஷம் கழித்து, மனசு கேட்காமல் அவனிடம் போய்ச் சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தான்.

"பேர நீயே வெச்சுக்கடா. இன்னொரு தடவ மாட்ட ஓட்டுன்னு மட்டும் கத்தாத."