மூக்கில்லாத வாமனன்

அவிசாவளைக்கு அப்பால் ஒரு விகாரையின் அடிச்சுவரில் மூக்கில்லாத குள்ளன் ஒருவன் குந்தியிருக்கிறான். பழைய சிற்பம், பறங்கியர் உடைத்தது என்று பார்க்க வருகிறவர்கள் சொல்கிறார்களாம். பொய். அது நான். உடைத்ததும் நான்தான்.

பறங்கியர் அந்த விகாரையை எரித்தது உண்மை. அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறையாகப் பிக்குமார் ஓலைக் கொட்டிலில்தான் புத்தரை வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் ஊரார் அதைக் கல்லும் சீமெந்துமாகத் திரும்பக் கட்டினார்கள். கல்வெட்டு அப்படித்தான் சொல்கிறது. அதற்குச் சிலை செய்யப் போனவர் என் மாமா. அம்மாவின் தம்பி. எங்கள் கொட்டாஞ்சேனைக் கோயில்களுக்குச் சீமெந்தில் சாமி செய்கிறவர். அந்த விகாரையின் பெரிய பிக்கு எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே வீடு தேடி வந்து அவரைக் கேட்டுக் கூட்டிப்போனார்.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். பள்ளி விடுமுறைக்கு என்னை மாமாவோடும் மாமியோடும் அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒன்பது வயது. அங்கே நான் ஒரு வேலையும் செய்யவில்லை. ஊர்ப் பிள்ளைகளோடு விளையாடினேன், சண்டை பிடித்தேன்.

மாமா படுத்த புத்தரைக் கழுத்துவரை முடித்திருந்தார். முகத்துக்கு வந்தபோது கட்டடச் சபைத் தலைவர் தடுத்தார். அவர் ரப்பர்த் தோட்டக்காரர். முகத்தைச் சிங்களவன் ஒருவன் செய்யட்டும் என்றார். கல்வெட்டிலும் மாமாவின் பெயர் வராது என்றார். வேண்டுமானால் அடிச்சுவருக்குக் குள்ளர்களைச் செய்துவிட்டுப் போகலாமாம். பெரிய பிக்கு வாதாடிப் பார்த்தார். சபை அசையவில்லை.

மாமா சரி என்றார். எனக்கு அவர்மேல் வெறுப்பே வந்தது.

விகாரையைத் தாங்குவதுபோல அடியில் வாமனக் குள்ளர்களை வைப்பது சிங்களவர் வழக்கம். தொப்பை தள்ள, கன்னம் ஊத, குந்தியிருந்து இரண்டு கையாலும் மேலே தூக்குவார்கள். மாமா சாக்கு மறைப்புக் கட்டிக்கொண்டு பதினொரு பேரைச் செய்தார்.

சாக்கை எடுத்தபோது முதல் குள்ளனுக்கு அப்பாவின் மீசை இருந்தது. அடுத்தது அம்மா. அவவுக்கு வயிற்றைக் கூட்டிச் செய்யவேண்டி இருக்கவில்லை. பிறகு மாமி, மாமா, பெரியப்பா வீட்டார். கடைசியில் நான், என் சப்பை மூக்கோடு. கொட்டாஞ்சேனை வீடு முழுக்க வரிசையாகக் குந்தியிருந்தது.

"என்ட பல்லு இவ்வளவு மிதப்போ?" என்று கேட்டார் மாமி.

"குறைச்சுத்தான் வச்சனான்" என்றார் மாமா.

தலைவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. அவர்கள் பேசியது சிங்களத்தில். எனக்கு நினைவிருப்பது தமிழில்.

"இது ஆரின்ட முகங்கள்?" என்று கேட்டார் தலைவர்.

"குள்ளருக்கு ஆர், முதலாளி, முகம் பார்த்தது?" என்றார் மாமா.

"கொத்தி எடு."

"எடுக்கலாம். செங்கல்லோட சேர்த்துக் கட்டினது. ஆளை எடுத்தா சுவரும் வரும். பிறகு என்னைக் கேக்கப்படாது."

பெரிய பிக்கு வெற்றிலையைத் துப்பப் போவதுபோல அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். தலைவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை. புத்தரின் முகத்தைத் தொட விடாதவனின் காலடியில் எங்கள் குடும்பத்தையே குந்தவைத்து, தலையில் சுமையும் ஏற்றிவிட்டாரே என்று எரிந்தது. பெண்பிள்ளையான எனக்குத் தொப்பை வேறு. ஊர்ப் பிள்ளைகள் என்னைக் கண்டதும் கன்னத்தை ஊதிக்கொண்டு குந்தினார்கள். அடுத்த நாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது கொத்தனின் சுத்தியலை எடுத்து என் மூக்கில் போட்டேன். இரண்டாவது அடியில் விழுந்தது.

மாமா வந்து பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். விழுந்த மூக்கைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"உன்னைத்தான் மூன்று தரம் திருத்திச் செய்தனான்" என்றார்.

ஆனால் அதை அவர் திரும்ப ஒட்டவில்லை.

திறப்பு விழாவன்று தலைவர் குள்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வந்து, கடைசியில் நின்றார். உடைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். என் கன்னத்தைத் தட்டி, தட்டிலிருந்த எண்ணெய்ப் பலகாரத்தில் பெரியதாக ஒன்றை எடுத்துத் தந்தார்.

அவருக்குப் பின்னால் பத்துப் பேரும் முழு முகத்தோடு சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பலகாரத்தைத் தின்றேன். நல்ல இனிப்பு.