அறையில் விட்டு வந்த மாத்திரை அட்டை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மாதனூரில் எங்கள் தெருவில் யாருக்கு மாத்திரை கொடுத்தாலும், அட்டையை என்னிடம் காட்டிவிட்டுத்தான் போடுவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு.

பாகாயத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். தங்குவது அங்கேயே ஒரு தனி அறையில். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்க ஆரம்பித்ததால் டாக்டரிடம் போனேன். ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. மூச்சிளைப்பு உண்டா என்று கேட்டுக்கொண்டு, துடிப்பைக் குறைக்கிற மாத்திரை எழுதித் தந்தார். தினமும் காலையில் ஒன்று. "நல்லாயிட்ட மாதிரி தோணும். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் சொல்லவில்லை.

அம்மா ஷூ கம்பெனியில் தைக்கிறாள். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். அதில் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் நாற்பது பேருக்குத் தெரிந்துவிடும். என் படிப்பைப் பற்றி அந்த பஸ்ஸில் அவள் பேசாத நாளில்லை. அதே வாயால் என் நெஞ்சுக் கோளாறையும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன்.

காலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாத்திரை அட்டையை அறையிலேயே வைத்துவிட்டேன். நான் போய் இறங்கியதும் அம்மா என் பையைத் தலைகீழாகக் கொட்டித் துணியைத் துவைக்கப் போடுவாள். ஒரு வாரம்தானே என்று இருந்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. பிறகு படுத்தால் காதுக்குள்ளேயே துடிப்பு கேட்டது. பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பூட்டிய வீடுகளுக்கு நடுவில் நான் மட்டும் பாயில் கிடந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மாவோடு அதே பஸ்ஸில் கம்பெனிக்குப் போகிற எதிர்வீட்டு அக்கா அட்டையோடு வந்தாள்.

"டீச்சரம்மா, இது இன்னா மாத்தர பாரு. நாலு நாளா தல கிறுகிறுங்குது. நிறுத்திடட்டா?"

என் மாத்திரையேதான். அளவு மட்டும் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு.

"நீங்களா நிறுத்தாதீங்கக்கா. திடீர்னு விட்டா நெஞ்சு தாறுமாறா அடிக்கும். மாரடைப்பு கூட வரலாம். கிறுகிறுப்ப இன்னிக்கே டாக்டராண்ட சொல்லுங்க. கம்மி பண்றதா இருந்தா அவரு பண்ணுவாரு."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஏன் இப்டி வேர்த்துக் கொட்ற?"

ஒன்றைப் பிய்த்துப் பாதியாக உடைத்து விழுங்கிவிடலாம் என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. ஆனால் அது அவளுக்காக எழுதியது. அட்டையை அவள் மடியில் வைத்தேன்.

"எனுக்கும் இதே மாத்தரதான்க்கா. அஞ்சு நாளா போடல."

அடுப்படியில் அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"ஊருக்கெல்லாம் படிச்சி சொல்ற. உனுக்குன்னா கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்றாள் அக்கா.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, "கெளம்பு" என்றாள்.

மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் ஆம்பூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அக்காவுக்கு நாடி மிகவும் மெதுவாக இருந்தது. அவளுடைய அளவைக் குறைத்தார்கள். எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்ன டாக்டர், "விட்ட நாளுக்கெல்லாம் சேத்துப் போடக் கூடாது. நிறுத்தணும்னா நாங்களே கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். டீச்சர்தானே நீங்க?" என்றார். அம்மா என் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது தினமும் ஏழு மணிக்கு, பஸ் ஏறியதும், அம்மா போன் செய்கிறாள். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்துகிறாள்.

"மாத்தர போட்டியா?"

"போட்டேம்மா. கத்தாத."

"நானும் போட்டேன், டீச்சரம்மா!" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல். யாரோ சிரிக்கிறார்கள். நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது.

பிறகு போனை வைத்துவிடுவாள். அறை மறுபடியும் அமைதியாகிவிடும். நான் கட்டிலில் உட்கார்ந்து, மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணுகிறேன்.